மாப்ளே, அந்த ஜாக்கெட் பற்றி

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டரே சொன்ன பிறகு அக்கம்பக்கத்தில் யார் என்ன சொன்னாலும் கேட்காதே. மருமகனுக்கு விசா வந்த செய்தியை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பிப்ரவரி கடைசியில் காலேஜ் திறக்கும், ஒரு வாரம் முன்னாடியே வந்துவிட்டால் நல்லது. ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன், அறை கிடைக்கும் வரை நம் வீட்டில்தான் இருக்கப்போகிறான், அதில் பேச்சே கிடையாது.

சரி, நீ அனுப்பிய போட்டோவுக்கு வருகிறேன். கொடைக்கானல் ரோட்டில் மருமகன் புல்லட் மேல் சாய்ந்து நிற்கிறானே, அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்புத் தோல் ஜாக்கெட், இடது மார்பில் சாய்சதுரமாக ஒரு துணி, அதில் ஒன்று என்று போட்டுப் பக்கத்தில் சதவீதக் குறி. முதுகில் மண்டையோடு. ஸ்டைலாக இருக்கிறது என்று ஆன்லைனில் வாங்கினான் என்று எழுதியிருக்கிறாய். அவனுக்கு அதன் அர்த்தம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்கே நியூசிலாந்துக்கு, இந்த ஆக்லாந்துக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

1947 ஜூலையில் கலிஃபோர்னியாவில் ஹாலிஸ்டர் என்கிற சின்ன ஊருக்கு மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்க ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து, குடித்துவிட்டுத் தெருவில் ரகளை செய்தார்கள். பத்திரிகைகள் அதை ஊதிப் பெரிதாக்கின. பைக் ஓட்டுகிறவர்களில் 99 சதவீதம் பேர் ஒழுங்கானவர்கள் என்று அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் அறிக்கை விட்டதாக ஒரு பேச்சு கிளம்பியது. அப்படி ஒன்று சொன்னதற்குத் தங்களிடம் பதிவே இல்லை என்று சங்கம் பிற்பாடு சொன்னது, ஆனால் அதற்குள் சிலர் "மீதி ஒரு சதவீதம் நாங்கள்தான்" என்று நெஞ்சில் தைத்துக்கொண்டுவிட்டார்கள். சட்டத்துக்கு நாங்கள் கட்டுப்பட மாட்டோம் என்பதுதான் அந்தத் துணியின் அர்த்தம். அடுத்த வருஷமே ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற பைக் கும்பல் தொடங்கியது. கலிஃபோர்னியாவுக்கு வெளியே அவர்களின் முதல் கிளை எங்கே திறந்தது தெரியுமா? நான் உட்கார்ந்து உனக்கு எழுதுகிற இதே ஆக்லாந்தில், 1961-ல்.

அந்தத் துணியை, அதாவது பேட்ச்சை, அசல் கும்பல்காரன் கடையில் வாங்குவதில்லை மாப்ளே. ஒருவன் முதலில் ப்ராஸ்பெக்டாக, அதாவது கிளப்பில் சேரக் காத்திருப்பவனாக, எடுபிடி வேலை பார்க்க வேண்டும். கிளப்ஹவுஸைக் கூட்ட வேண்டும், மற்றவர்களின் பைக்கைத் துடைக்க வேண்டும், ராத்திரி வாசலில் காவல் நிற்க வேண்டும், சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்ய வேண்டும். அப்புறம் எல்லோரும் ஓட்டுப் போட்டு ஒத்துக்கொண்டால்தான் முதுகில் மூன்று துண்டு: மேலே வளைவாக கிளப்பின் பெயர், நடுவில் சின்னம், கீழே ஊர் பெயர். அந்தக் கீழ்த் துண்டுக்காக உயிர் போயிருக்கிறது. 2015 மே மாதம் டெக்சாஸில் வேக்கோ என்ற ஊரில் ஒரு உணவகத்து வாசலில் பாண்டிடோஸ், காசாக்ஸ் என்ற இரண்டு பைக் கும்பல்களுக்கு நடந்த சண்டையில் 9 பேர் செத்தார்கள். 'டெக்சாஸ்' என்று கீழே தைத்துக்கொள்ள யாருக்கு உரிமை என்பது அந்தப் பகைக்கு ஒரு பெரிய காரணம். 177 பேரைக் கைது செய்தார்கள், கடைசியில் ஒருவருக்குக்கூட தண்டனை இல்லை.

இதெல்லாம் தூரத்துக் கதை. எனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

போன வருஷம் எங்கள் குடோனுக்கு ஒரு பையன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வந்தான். 26 வயது, மாவோரி, அதாவது நியூசிலாந்தின் பூர்வகுடி. வாயைத் திறந்தால் அச்சு அசல் ஆஸ்திரேலியப் பேச்சு. மூன்று வயதில் அம்மாவோடு பிரிஸ்பேன் போனவன், பள்ளிக்கூடம், நண்பர்கள், அவனுக்குப் பிறந்த குழந்தை, எல்லாம் அங்கேதான். ஆனால் பாஸ்போர்ட் நியூசிலாந்து. ஏதோ அடிதடி வழக்கில் உள்ளே போயிருக்கிறான், வெளியே வந்ததும் நேராக விமானத்தில் ஏற்றி இங்கே அனுப்பிவிட்டார்கள். இப்படி வருகிறவர்களை இங்கே 501 என்பார்கள். ஆஸ்திரேலியக் குடியேற்றச் சட்டத்தில் 501 என்று ஒரு பிரிவு இருக்கிறது, அந்த எண்தான் இவர்களுக்குப் பெயராகிவிட்டது. 2014 டிசம்பரில் அதைக் கடுமையாக்கினார்கள், 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை என்றால் விசா தானாகவே ரத்து. அதன் பிறகு 3,000 பேருக்கு மேல் இப்படி வந்து இறங்கியிருக்கிறார்கள். 2020-ல் ஜெசிண்டா ஆர்டர்ன் இங்கே பிரதமராக இருந்தபோது சிட்னியில் ஆஸ்திரேலியப் பிரதமர் மாரிசனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, உங்கள் ஆட்களையும் உங்கள் பிரச்சினைகளையும் நாடு கடத்தாதீர்கள் என்று சொன்னார். எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. வளர்த்தது ஒரு நாடு, கெடுத்ததும் அதே நாடு, பிறந்த சான்றிதழை மட்டும் பார்த்து இன்னொரு நாட்டின் தலையில் கட்டுவது என்ன நீதி?

அந்தப் பையன் வந்த முதல் வாரம் டீ நேரத்தில் என்னிடம் வந்து, தயங்கித் தயங்கி, பேங்க் கணக்கு எப்படித் திறப்பது என்று கேட்டான். பேங்க்கில் முகவரிச் சான்று கேட்கிறார்கள், வீடு வாடகைக்குக் கேட்டால் முன்பணம் எங்கே என்கிறார்கள், சம்பளம் வாங்க பேங்க் கணக்கு வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடம். கையில் ஒரு பிளாஸ்டிக் உறையில் அவனுடைய காகிதம் மொத்தமும் இருந்தது, மடிப்பில் கிழிந்துபோயிருந்தது. நான் இரண்டு நாள் அலைந்து உதவினேன், ஒருவழியாகக் கணக்கு திறந்தது. வாரத்துக்கு மூன்று நாள் மத்தியானம் நம் வீட்டுச் சாப்பாடுதான் அவனுக்கு. புளியோதரை என்றால் உயிர்.

நாலு மாசம் போனது. ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து அவனைக் கூட்டிப்போக ஒரு பெரிய கறுப்பு கார் வந்தது. அதில் வந்த கும்பல்காரர்கள் பிரிஸ்பேன் ஜெயிலில் பழக்கமாம். தங்க அறை கொடுத்தார்கள், போன் கொடுத்தார்கள், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார்கள். "இவர்கள் என்னை 'பிரதர்' என்கிறார்கள்" என்று என்னிடம் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. நான் என்ன சொல்ல முடியும்? நான் கொடுத்தது ஒரு டிபன் பாக்ஸ், அவர்கள் கொடுத்தது ஒரு குடும்பம். அப்புறம் திங்கட்கிழமைகளில் வேலைக்கு வருவது நின்றது. கண் சிவந்து, கன்னம் ஒட்டி, பேச்சு வேகமாகிவிட்டது. இங்கே மெத் என்கிற போதைப்பொருளுக்கு 'பி' என்று பெயர், ஒற்றை எழுத்து. மே மாதம் வேலையை விட்டுப் போனவன்தான், இன்னும் கண்ணில் படவில்லை.

இந்தக் கும்பல்கள் வளர்வது இப்படித்தான். ஆஸ்திரேலியாவில் கொமாஞ்செரோஸ் என்று ஒரு பைக் கும்பல். 1984 செப்டம்பரில், தந்தையர் தினத்தன்று, சிட்னியில் மில்பெர்ரா என்ற இடத்தில் பழைய பைக் பாகங்கள் விற்கிற சந்தைக்கு நடுவே பாண்டிடோஸோடு துப்பாக்கிச் சண்டை போட்டவர்கள். 7 பேர் செத்தார்கள், அதில் ஒருத்தி எந்தப் பக்கமும் சேராத 14 வயதுச் சிறுமி. அந்தக் கும்பலுக்கு இங்கே ஆளே இல்லாமல் இருந்தது. 501-களை அனுப்ப ஆரம்பித்த சில வருஷத்தில், 2018-ல், ஆக்லாந்தில் கிளை. மங்கோல்ஸ் என்ற இன்னொரு கும்பலும் அப்படித்தான் வந்தது. அடுத்த வருஷமே போலீஸ் சோதனை போட்டு கொமாஞ்செரோஸிடமிருந்து தங்க முலாம் பூசிய ஹார்லி பைக்குகளைப் பிடித்ததை டிவியில் காட்டினார்கள். பாலத்துக்கு அடியில் தூங்குகிற பையனுக்கு அந்த பைக் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பார். போலீஸின் கேங் பட்டியலில் 2016 வாக்கில் நாலாயிரத்துச் சொச்சம் பேர், 2024-ல் ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது.

ஆனால் எல்லாப் பழியையும் ஆஸ்திரேலியா மேல் போட்டால் அது பொய்யாகிவிடும். இந்த நாட்டுக்கே சொந்தமான மங்ரல் மாப், பிளாக் பவர் போன்ற கும்பல்கள் எல்லாம் அறுபது எழுபதுகளில் தொடங்கியவை. அதில் நிறைய பேருக்கு பைக்கே கிடையாது, பேட்ச்சும் கட்டுப்பாடும்தான் பைக் கும்பல் மாதிரி. அவர்களில் பலர் அரசாங்கத்தின் சிறுவர் இல்லங்களில் வளர்ந்தவர்கள், முக்கால்வாசி மாவோரிப் பிள்ளைகள். அந்த இல்லங்களில் என்ன நடந்தது என்று விசாரித்த அரச ஆணையத்தின் அறிக்கை 2024 ஜூலையில் வந்தது. 1950 முதல் 2019 வரை அரசு, சர்ச் பராமரிப்பில் இருந்த ஆறரை லட்சம் பேரில் சுமார் இரண்டு லட்சம் பேர் கொடுமைக்கு ஆளானதாக அதில் இருக்கிறது. அடி, பாலியல் கொடுமை, மின்சார அதிர்ச்சி. அந்தப் பகுதிகளை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை, எழுந்து போய்த் தோட்டத்தில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். பக்கத்துப் படுக்கையில் அழுதவன்தான் வெளியே வந்ததும் இவனுக்கு அண்ணன். நவம்பரில் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஒன்பது நாள் கழித்து, அதே மாதம் 21-ம் தேதி, பொது இடத்தில் கேங் பேட்ச் போடக்கூடாது என்ற சட்டம் அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2023-ல் ஓபோதிகி என்ற ஊரில் ஒரு கும்பல் தலைவனின் சாவுக்காகக் கூட்டம் திரண்டபோது ஊரே முடங்கி, பள்ளிக்கூடங்களை மூடினார்கள். முந்தைய வருஷம் மே மாதம் இதே ஆக்லாந்தில் இரண்டு கும்பல்கள் ராத்திரியில் வீடு வீடாகச் சுட்டுக்கொண்டு போனார்கள். அந்த வாரம் முழுக்க உன் அக்கா பிள்ளைகளை முன்னறையில் படுக்க விடவில்லை. பெட்ரோல் பங்கில் பேட்ச் போட்ட நாலு பேர் வந்து நின்றால் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நிற்போம், இப்போது அது இல்லை, உண்மையிலேயே மூச்சு விட முடிகிறது. ஆனால் சட்டை போனது, ஆள் போகவில்லை. அந்த ஃபோர்க்லிஃப்ட் பையனுக்கு பேங்க் கணக்கு திறக்க எந்தச் சட்டமும் வரவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபிஜித் தீவில் நாடி என்ற ஊரில் இருக்கிற முருகன் கோயிலுக்குப் போனோம் என்று எழுதியிருந்தேனே, கரும்புத் தோட்டத்துக்கு நம்மூரிலிருந்து கூலிக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் கட்டிய கோயில். அந்த நாடியில்தான் 2024 ஜனவரியில் வீடுகளுக்குள் பதுக்கி வைத்த 4 டன்னுக்கு மேல் மெத் பிடிபட்டது. ஃபிஜிக்காரர்கள் வாங்க வந்த சரக்கில்லை அது. பசிபிக் தீவுகள் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிற வழியில் இருக்கின்றன, விலை இங்கேதான் அதிகம், இங்கே அதை விற்கிற கைகளில் இந்தக் கும்பல்களும் உண்டு. வழியில் சிந்துவதை அந்த ஊர்ப் பிள்ளைகள் ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஊசியைப் பகிர்ந்து எச்.ஐ.வி. பரவி, 2025 ஜனவரியில் ஃபிஜி அரசு அதை நோய்ப்பரவலாக அறிவித்தது. கோயிலில் எங்களுக்குத் தேங்காய் உடைத்துக் கொடுத்த பெரியவர் தன் பேரனைப் பற்றிக் கவலையோடு பேசியது அப்போது எனக்குச் சரியாகப் புரியவில்லை.

இப்போது மருமகனுக்கு. பயமுறுத்துவதற்காக இதெல்லாம் எழுதவில்லை, படிக்க வருகிற பிள்ளைகளை யாரும் ஒன்றும் செய்வதில்லை, நல்ல ஊர், நல்ல ஜனங்கள். ஆனால் அந்த ஒரு சதவீதத்தோடு அவன் இங்கே தெருவில் நடந்தால், சம்பாதிக்காத பேட்ச்சை யார் போட்டிருக்கிறான் என்று ஒருவன் கேட்பான், சும்மா ஸ்டைலுக்குப் போட்டேன் என்று இவன் சொல்லும் பதில் அவனுக்கு எடுபடாது. பைக் பிரியத்தை விட வேண்டியதில்லை, நாம் உன் யெஸ்டியில் அழகர்கோயிலுக்குப் போனதை நினைத்தால் எனக்கே ஆசையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து ஓட்டிப் போய்க் காபி குடித்துவிட்டுத் திரும்புகிற சாதாரண பைக் கிளப்கள் இங்கே எத்தனையோ உண்டு, நானே சேர்த்துவிடுகிறேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். தங்கச்சியிடம் சொல்லி மார்பில் இருப்பதையும் முதுகில் இருப்பதையும் பிளேடால் தையல் பிரித்து எடுத்துவிடு, ஊசி ஓட்டை தெரிந்தால் பரவாயில்லை. ஜாக்கெட் நல்ல கனமான தோல் என்று போட்டோவிலேயே தெரிகிறது, ஜூலைக் குளிருக்கு ஆகும், கொடுத்துவிடு. இரண்டு ஸ்வெட்டரும், உன் அக்கா கேட்ட சுண்டைக்காய் வற்றலும் மறக்க வேண்டாம். வற்றலை சீல் வைத்த பாக்கெட்டாக வாங்கு, ஏர்போர்ட் படிவத்தில் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது என்று கட்டாயம் எழுதச் சொல்.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்