இரண்டரை மணித்தியாலப் பள்ளிக்கூடம்

ஒன்ராறியோ, கனடா

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். "ரெண்டர மணித்தியாலம் படிப்பிச்சுப்போட்டு பள்ளிக்கூடம் முடிஞ்சுது எண்டு சொல்றியே, மிச்ச நேரம் பிள்ளைகள் என்ன செய்யுதுகள்?" என்று கேட்டிருந்தீர்கள். பின்னால் அம்மாவின் குரலும் கேட்டது: "பிள்ளைகள்ட படிப்பக் கெடுத்துப்போடாத." மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து பார்த்தால் அந்தப் பயம் வரத்தான் செய்யும். ஏழரைக்கு மணி அடித்து ஒன்றரைக்கு விடுகிற பள்ளிக்கூடம், பின்னேரம் டியூஷன், இரவு வீட்டுப்பாடம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். நீங்களும் இத்தனை வருடமாகப் படிப்பிக்கிறவர். போனில் அவசரமாகச் சொல்லி உங்களை நம்பவைக்க ஏலாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்கிற முடிவுக்கு ஏன் வந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இவருக்குத் தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ட். இரண்டு மணிக்குப் புறப்பட்டால் திரும்பி வர நடுச்சாமம். முன்பு பிள்ளைகள் பள்ளி பஸ்ஸில் வந்து இறங்க நாலு மணியாகும். கிழமை நாட்களில் தகப்பனும் பிள்ளைகளும் ஆறுதலாக முகம் பார்த்துப் பேசுவதே இல்லாமல் போயிற்று. இப்போது காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் நாலு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிறோம். கணக்குப் பாடம் அவருடைய பொறுப்பு. எனக்கு இந்த ஒரு காரணமே போதும். மற்ற நன்மைகளெல்லாம் பிறகுதான் தெரியவந்தன.

இது ஒளித்துச் செய்கிற வேலையும் இல்லை. ஒன்ராறியோவில் ஆறு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை படிப்புக் கட்டாயம். ஆனால் வீட்டில் திருப்தியான கல்வி கிடைக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போவதிலிருந்து கல்விச் சட்டமே விலக்குத் தருகிறது. ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் 1க்கு முன் கல்விச் சபைக்கு ஒரு கடிதம் கொடுக்கவேண்டும். பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, விலாசம், வீட்டில் படிப்பிக்கப்போகிறோம் என்ற தகவல், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இத்தனை மணித்தியாலம் படிப்பிக்கவேண்டும் என்று பெற்றோருக்கு விதி இல்லை. பள்ளிக்கூடங்களுக்குத்தான் இடைவேளையும் சாப்பாட்டு நேரமும் போக ஐந்து மணித்தியாலம் என்று இருக்கிறது. எல்லா நாட்டிலும் இப்படியென்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலம் முதலாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை வருடத்துக்கு 900 மணித்தியாலம், அதற்கு மேல் 990 என்று கணக்குக் கேட்கிறது. ஜெர்மனியில் இருக்கிற மாமா வீட்டார் ஆசைப்பட்டாலும் செய்ய முடியாது, அங்கே பிள்ளை பள்ளிக்கூடம் போயே ஆகவேண்டும்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் வகுப்பையே எடுத்துப் பாருங்கள், அக்கா. நாற்பது நிமிடப் பாடம், நாற்பதுக்குக் கிட்டப் பிள்ளைகள். இடாப்புக் கூப்பிடவேண்டும், சத்தத்தை அடக்கவேண்டும், எழுதாதவனை எழுதவைக்கவேண்டும், முதலே எழுதி முடித்தவளைப் பேசாமல் இருக்கவைக்கவேண்டும். எல்லாம் போக ஒரு பிள்ளைக்கென்று தனியாக உங்களால் கொடுக்க முடிந்தது ஒரு நிமிடம்கூட வராது. இது உங்கள் குறை இல்லை. தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வருகிற உங்களைப் பார்த்தவள் நான். ஆனால் ஆறு மணித்தியாலம் பள்ளிக்கூடத்தில் இருக்கிற பிள்ளை ஆறு மணித்தியாலமும் படிப்பதில்லை. மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருப்பது, தெரிந்ததையே திரும்பக் கேட்பது, விளங்காததை விளங்கினவன் மாதிரி தலையாட்டிக் கடத்துவது எல்லாம் அந்த ஆறு மணித்தியாலத்துக்குள்தான் வருகின்றன. இரண்டு பிள்ளைகள் மட்டும் இருக்கிற மேசையில் அந்த நேரங்கள் இல்லை.

நாங்கள் ஒன்பது மணிக்குத் தொடங்குவோம். முதலில் கணக்கு. மகள் இப்போது நாலாம் வகுப்புப் பாடம் படிக்கிறாள். பின்னம் தொடங்கியபோது நாலில் ஒன்றைவிட எட்டில் ஒன்று பெரிது என்று அடித்துச் சொன்னாள். எட்டு பெரிய எண்தானே என்பது அவளுடைய நியாயம். இவர் வேலைக்குக் கொண்டுபோகிற அளவு நாடாவை எடுத்து வந்தார். இந்த நாட்டில் மீற்றர்தான் சட்டம், ஆனால் பலகை வேலை இன்னும் அங்குலத்தில்தான் நடக்கிறது. நாடாவில் ஒரு அங்குலம் எட்டாகவும் பதினாறாகவும் பிரிந்திருக்கும். மேசை, கதிரை, தம்பியின் கால், யன்னல் விளிம்பு என்று வீடு முழுக்க அளந்தாள். அன்று ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை, காலை முழுக்கப் பின்னம்தான். பள்ளிக்கூடத்தில் மணி அடித்திருந்தால் பாதி விளங்கினதோடு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பாள். இன்னொரு நாள் கணக்கு பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், பிடிபட்டதைத் திரும்பத் திரும்பச் செய்யச்சொல்லி நாங்கள் இழுப்பதில்லை. ஆகவே இரண்டரை மணித்தியாலம் என்று நான் சொன்னது ஒரு சராசரிதான்.

கணக்கு முடிந்தால் ஆங்கிலம், மறுகா ஒரு சின்ன ஓய்வு, அப்புறம் தமிழ். அறிவியலும் சமூகக் கல்வியும் கிழமைக்கு இரண்டு நாள். இங்கே பள்ளிகளில் நாலாம் வகுப்பிலிருந்து பிரெஞ்சு தொடங்குவதால் அதையும் கொஞ்சம் தொடுகிறோம், அது எனக்கே புதிது, நூலகத்துப் புத்தகங்களை வைத்து இரண்டு பேருமாகப் படிக்கிறோம். சின்னவனுக்கு ஆறு வயது. அவனுடைய பாடமெல்லாம் சேர்த்தால் ஒரு மணித்தியாலம் வராது. பத்து நிமிடம் எழுத்து, பத்து நிமிடம் எண், நான் வாசிக்க அவன் கேட்பது. அதற்கு மேல் இருத்திவைத்தால் அவன் கண் யன்னலுக்குப் போய்விடும்.

தமிழ்ப் பாடத்தில் போன கிழமை விபுலாநந்த அடிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். 1892இல் காரைதீவில் பிறந்தது, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தது, பழந்தமிழ் இசைக்கருவியான யாழைத் தேடி ஆராய்ந்தது, கல்லடி சிவானந்தா வித்தியாலயத்தை உண்டாக்கி அந்த மண்ணிலேயே அடக்கமானது. "பெரியம்மா வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பள்ளிக்கூடமா?" என்று மகள் கேட்டாள். ஆம் என்றதும் கூகுள் படத்தில் பாலத்திலிருந்து தொடங்கித் தெருத்தெருவாகத் தேடி உங்கள் ஒழுங்கை வரைக்கும் வந்துவிட்டாள். அது பாடமாகத் தொடங்கி வாவி, கடல், முகத்துவாரம் என்று புவியியலாகப் போய், கடைசியில் மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்கிறார்களே, அது எப்படி என்ற கேள்வியில் நின்றது. அதை நாங்கள் நிறுத்தவில்லை.

நாங்கள் மட்டும்தான் இப்படியா என்று யோசிப்பீர்கள். நூலகத்தில் சந்திக்கிற மற்றக் குடும்பங்களும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கின்றன. சின்ன வகுப்புப் பிள்ளைக்கு ஒரு மணித்தியாலம், கூடினால் இரண்டு. நாலு, ஐந்து, ஆறாம் வகுப்புக்கு இரண்டிலிருந்து மூன்று. ஏழு, எட்டுக்கு மூன்று, நாலு. ஒன்பதாம் வகுப்பில் தொடங்குகிற உயர்தரப் பள்ளி வயதில் நேரம் ஐந்து, ஆறு மணித்தியாலத்துக்கு ஏறிவிடும், ஆனால் அந்த வயதில் பெரும்பகுதியைப் பிள்ளை தானே இருந்து படிக்கும். இது புதிய யோசனையும் இல்லை. சார்லட் மேசன் (1842–1923) என்ற பிரித்தானியக் கல்வியாளர் சின்னப் பிள்ளைகளின் பாடம் இருபது நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, படிப்பைக் காலையோடு முடித்துப் பின்னேரத்தை வெளியில் கழிக்கவேண்டும் என்று அந்தக் காலத்திலேயே வற்புறுத்தினார். இங்குள்ள பல குடும்பங்கள் அவர் வழியில்தான் போகின்றன.

நீங்கள் ஆசிரியர் கலாசாலையில் படித்த அந்த அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமையும் நினைத்துப் பாருங்கள். 1984இல் அவர் எழுதினது ஞாபகம் இருக்கும்: ஒருவருக்கு ஒருவர் என்று இருந்து படிப்பித்தால், சாதாரண மாணவன்கூட வழக்கமான வகுப்பில் 98 சதவீதமானவர்களை முந்துகிறான் என்று. பிறகு வந்த ஆய்வுகள் அவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காணவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனாலும் தனியாகச் சொல்லிக்கொடுப்பதில் பலன் உண்டு என்றே அவையும் காட்டின. நானோ இவரோ பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இல்லை. உங்களுக்கு இருக்கிற திறமையில் கால்வாசிகூட எங்களுக்கு வராது. பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்பது அந்த நிமிடமே எங்களுக்குத் தெரிகிறது, அதுதான் எங்கள் பலம்.

சிலர் சமைப்பது, கடைக்குப் போவது, தோட்டத்தில் நிற்பது எல்லாவற்றையும் படிப்பு நேரமாக எழுதிவைப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளை மூச்சுவிடுவதெல்லாம் பாடம் என்றால் அதற்கென்று ஒரு விளையாட்டு மிஞ்சாது. பின்னேரம் அவர்களுடையது. மார்கழியில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், மத்தியானம் சாப்பிட்டவுடன் வெளியே ஓடினால்தான் வெளிச்சத்தைக் காணலாம். பனி விழுந்தால் இன்னும் சந்தோஷம்.

ஆனால் பிள்ளைக்கு இரண்டரை மணித்தியாலம் என்றால் தாய்க்கும் அவ்வளவுதான் என்று நினைக்காதீர்கள். இரவு அவர்கள் படுத்த பிறகு கொப்பி பார்ப்பேன், நாளைக்கு எது என்று முடிவெடுப்பேன், புத்தகம் தேடுவேன். சனி ஞாயிறு பேக்கரியில் வேலை. அல்பேர்ட்டா மாகாணத்தில் வீட்டில் படிப்பிக்கிறவர்களுக்கு அரசாங்கம் கொஞ்சக் காசு கொடுக்கிறது, ஒன்ராறியோவில் அது இல்லை. ஒரு முழுநேரச் சம்பளத்தையே நம்பி வாடகை கட்டுவது கஷ்டம்தான், மறைக்கமாட்டேன். கூட்டாளிகள் விஷயமும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சும்மா கிடைக்கிற சிநேகிதத்தை நாங்கள் நீச்சல் வகுப்பு, நூலகம் என்று தேடிப்போய்க் கொடுக்கவேண்டியிருக்கிறது. மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் போவாள் என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம். இங்கே உயர்தரப் பள்ளிச் சான்றிதழுக்கு 30 கிரெடிட் (முடித்த பாடங்களுக்குப் பள்ளி கொடுக்கிற அலகு) வேண்டும், அதைத் தாய் தகப்பன் கொடுக்க முடியாது.

அக்கா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபிக்கவேண்டாம். உங்கள் சின்னவன் அடுத்த வருடம் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதப்போகிறான். விடிய எழும்பி, பள்ளிக்கூடம் போய், வந்த கையோடு ஒரு டியூஷன், அது முடிய இன்னொன்று என்று ஓடுகிறான் என்று அத்தான் சொன்னார். பள்ளிக்கூடத்தை நிறுத்தச் சொல்லவில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நிறுத்தமாட்டேன். இரண்டாவது டியூஷனை மட்டும் விட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் இருபது நிமிடம் அவனோடு மட்டும் இருங்கள். அவன் செய்த ஒரு கணக்கை அவனையே விளக்கச் சொல்லுங்கள், எங்கே தடுக்குகிறான் என்று உங்களுக்கு உடனே பிடிபடும். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுக்கிற உங்கள் திறமை அவனுக்கும் கொஞ்சம் கிடைக்கட்டும். மிச்ச நேரம் கடற்கரைக்குப் போய் விளையாடட்டும்.

நாலாம் தரத் தமிழ்ப் புத்தகமும் சுற்றாடல் புத்தகமும் பழையது இருந்தால் எடுத்து வையுங்கள். இணையத்தில் இறக்கி வாசிக்கலாம்தான், ஆனால் மகளுக்குக் கையில் பிடித்து வாசிக்கவேண்டுமாம். தை மாதம் இவருடைய சிநேகிதர் ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்துவிடலாம். வட்டையில் விதைப்பு முடிந்ததா, மழை எப்படி என்று எழுதுங்கள். ஞாயிறு உங்கள் நேரம் இரவு ஏழு மணிக்கு எடுக்கிறேன், இங்கே அப்போது காலை எட்டரை, வேலைக்குப் போக முன் பேசலாம். அம்மாவுக்கு இந்தக் கடிதத்தை முழுக்க வாசித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி