அக்காவின் ஏழாவது ட்ரிப்ஸ்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் பதில் போட முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. உன் மகன் வேலையில் சேர்ந்தது ரொம்பச் சந்தோஷம்.

அக்காவின் மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்த கீமோ முடிந்துவிட்டது. தலையில் பூனைக்குட்டி ரோமம் போல முடி முளைக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று தடவித் தடவிப் பார்க்கிறாள். இனி மூன்று வாரத்துக்கு ஒருமுறை ட்ரஸ்டுசுமாப் என்ற மருந்தை ட்ரிப்ஸாக ஏற்றுவது மட்டும்தான். செவ்வாயன்று ஏழாவது. நரம்பு கிடைக்காமல் நர்ஸம்மா வெந்நீரில் நனைத்த துணியைக் கையில் சுற்றி வைத்தார். அப்புறம் அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இன்னும் பத்து பாக்கி.

பயாப்ஸி முடிவில் 'ஹெர்-2, 3+' என்று பார்த்துவிட்டு உனக்குப் போன் போட்டு அழுதேனே. வேகமாகப் பரவும் வகை என்று டாக்டர் சொன்னது மட்டும்தான் அன்றைக்குக் காதில் விழுந்தது. அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். ஹெர்-2 என்பது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பி, அதாவது செல்லுக்குள் சேதி அனுப்பும் ஒரு புரதம். எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும். அக்காவின் கட்டியில் அது நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது, அதைத்தான் 3+ என்று குறித்திருந்தார்கள். ஜோடி ஜோடியாகச் சேர்ந்து 'பிரி, பெருகு, நகர்' என்று உள்ளே சேதி அனுப்புகிறது. ஒரு புரதம் அடுத்ததை எழுப்ப, அது இன்னொன்றை எழுப்ப, கடைசியில் உட்கரு வரைக்கும் போகிறது. இந்த மருந்து வெளியிலேயே அந்த ஏற்பியைப் பிடித்துக்கொண்டு சேதியைத் தடுக்கிறது. நம் எதிர்ப்புச் செல்களுக்கும் அடையாளம் காட்டிக் கொடுக்கிறது. என்னைப் பயமுறுத்திய அந்த 3+ இருந்தால்தான் மருந்துக்குப் பிடிமானமே, செல்வி. அது புரிந்த ராத்திரிதான் தூங்கினேன். 2005-ல் வந்த பெரிய ஆய்வுகளில், கீமோவோடு இதையும் கொடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கிறது.

நாம் விலங்கியல் சேர்ந்த 1987-ல்தான் அமெரிக்காவில் டென்னிஸ் ஸ்லாமன் குழு, ஹெர்-2-வை உண்டாக்கும் மரபணு பெருகிய கட்டிகள் சீக்கிரம் திரும்பி வருவதைக் கண்டு எழுதியது. 1998-ல் அங்கே மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அம்மா 1995-ல் போய்விட்டாள். அவளுக்கும் இதே வகையா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. இப்போது நம் நாட்டிலேயே இந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள். அதனால்தான் எங்களால் சமாளிக்க முடிகிறது.

சிலருக்கு இது இதயத்தின் பம்ப் பலத்தைக் குறைக்கும் என்பதால் மூன்று மாதத்துக்கொரு எக்கோ, இதயத்தின் ஸ்கேன். போன தடவை அந்தப் பம்ப் பலம் 62 சதவீதம், நல்ல அளவு என்றார்கள். வரும் வியாழன் மறுபடி எடுக்கிறோம். பார்த்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
வசந்தா