கேள்விக்கும் நேரம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெரியவர்களுக்கான அறிவியல் உரைகளுக்குக் கூட்டம் சேர்வதில்லை என்று உங்கள் இதழில் ஒரு வாசகர் வருந்தியிருந்தார். பல ஆண்டுகளாக இந்த உரைகளைக் கேட்டு வருகிறவள் நான். மக்கள் வரத்தான் செய்கிறார்கள். வந்தவர்களை வாய் திறக்க விடாததால்தான் அடுத்த முறை வருவதில்லை.

அண்மையில், பாக்டீரியாக் கிருமிகளைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்துகள் பற்றிய உரை ஒன்றுக்குப் போயிருந்தேன். பேச்சாளர் விஷயம் தெரிந்தவர். ஆனால் ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் 80 நிமிடம் அவரே பேசினார். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா தொடக்கத்திலிருந்தே ஒரு மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அதில் இரண்டு குழிகள் மட்டும் காலி. கடைசியில் எழுந்து, "காய்ச்சல் அன்றைக்கே விட்டுவிட்டது. மீதியை அடுத்த காய்ச்சலுக்கு வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். "நேரமாகிவிட்டது அம்மா" என்று சொல்லி நன்றியுரைக்குப் போய்விட்டார்கள். அட்டை பைக்குள் திரும்பிப் போயிற்று.

அந்த 80 நிமிடப் பேச்சும் பயன்பட வேண்டிய இடம் அந்தக் கேள்விதானே! போதாத அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் சாகாமல் அதைத் தாங்கிக்கொள்ளப் பழகிவிடும் என்று பென்சிலின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே எச்சரித்தார். அடுத்த காய்ச்சல் வைரஸால் வந்தது என்றால் அந்த மாத்திரையால் பயனே இல்லை. எடுத்து வைக்காதீர்கள், நிறுத்தும் முன் மருத்துவரைக் கேளுங்கள் என்று சொல்ல இரண்டு நிமிடம் ஆகுமா?

கேள்வி கேட்கத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1995இல் பிரிட்டனில் நடந்ததே போதும். சிலவகைப் புதிய கருத்தடை மாத்திரைகளால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் அபாயம் பழைய வகைகளைவிட இரு மடங்காகிறது என்று அரசுத் தரப்பு அறிவித்தது. ஏறத்தாழ 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த அபாயம் இருவருக்கானது, அவ்வளவே. "இரு மடங்கு" என்ற சொல்லைக் கேட்டுப் பலர் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு கருக்கலைப்புகள் கூடின. எதில் இரு மடங்கு, முன்பு எவ்வளவு இருந்தது என்று ஒருவர் எழுந்து கேட்டுவிட்டால் அரங்கமே தெளிந்துவிடும்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1998இல் டங்கன் டாலஸ் தொடங்கிய 'கஃபே சயின்டிஃபிக்' கூட்டங்களில் உரை சுருக்கமாக இருக்கும். பிறகு ஓர் இடைவேளை, அதற்குப் பிறகு நீண்ட உரையாடல். அந்த இடைவேளைதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மனதில் இருப்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் சொல்லிப் பார்த்துக் கூச்சம் தெளிந்த பிறகு எழுந்து கேட்கலாம். கேள்வி என்ற பெயரில் தாமே சொற்பொழிவாற்றுகிறவர்கள் உண்டு என்பது எனக்கும் தெரியும். கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கினால் அந்தத் தொல்லையும் தீரும், கூச்சப்படுகிறவர்களுக்கும் வழி பிறக்கும்.

உங்கள் இதழின் நிகழ்ச்சி அறிவிப்புகளில் பேச்சாளரின் பெயர், பட்டங்கள் எல்லாம் வருகின்றன. கேள்விக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும் அமைப்பாளர்களிடம் கேட்டு வாங்கி, பெயருக்குக் கீழேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி