பாஸ்பேட் அளக்க ஓர் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெரம்பூரில் என் வீட்டில் மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. கோமாளி மீன்களும் சில மென்பவளங்களும் வளர்க்கிறேன். தொட்டியில் பாசி படர்கிறது என்று கடையில் போய்ச் சொன்னால், "பாஸ்பேட் ஏறியிருக்கும், இதைப் போடுங்க" என்று ஒரு டப்பாவை நீட்டுகிறார்கள். பாசிக்கு உரமாகும் அந்தச் சத்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து சொல்ல ஆளில்லை.

லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை பாஸ்பேட் இருக்கலாம் என்பது வளர்ப்பவர்களிடையே பொதுவான கணக்கு. கூடினால் பாசி மண்டும். அதற்காகப் பாஸ்பேட்டைச் சுத்தமாகத் துடைத்தெடுத்தால் பவளம் வெளுத்துப்போகும். மணல்மேல் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் பழுப்பாக, கோழைபோலப் படியும். பச்சைப் பாசியையாவது கையால் பிய்த்துப் போடலாம், இதை விரட்டுவது பெரும்பாடு. அந்த டப்பாவில் இருப்பது இரும்பு ஆக்சைடு குருணை. நல்ல பொருள்தான். ஆனால் முழு அளவையும் ஒரேயடியாகப் போட்டால் பாஸ்பேட் சட்டென்று இறங்கிப் பவளங்கள் சுருங்கிவிடும். கொஞ்சமாகத் தொடங்கி, அளந்து அளந்து கூட்ட வேண்டும்.

தண்ணீர் மாற்றியும் சில நாளில் பழையபடி ஏறிவிடுகிறதே என்று பலர் சோர்ந்துபோகிறார்கள். பாறையும் மணலும் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கும். நீரில் குறையும்போது மெல்ல வெளியே விடும். பொறுமையாகத்தான் இறக்க முடியும். அப்புறம், காசிமேட்டில் கேனில் பிடித்துவரும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். துறைமுகத்தில் மீன் கழிவு கலந்த நீர் அது. ஆர்.ஓ. நீரில் கடல் உப்புக் கலந்துகொள்வதே நல்லது. தீனியையும் அளவோடு போட வேண்டும், பாஸ்பேட் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வருகிறது.

இவ்வளவுக்கும் அடிப்படை அளவு தெரிவதுதான். சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் கிட்டில் 0.03க்கும் 0.1க்கும் வித்தியாசம் லேசான நீலச் சாயல் மட்டுமே. குப்பியை வெள்ளைத் தாள்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் என் மகனுக்கு ஒன்றுமாகத் தெரிகிறது. டிஜிட்டல் கருவி வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும்கூட ஆசையாக வளர்க்கும் ஊர் இது, எல்லோராலும் முடியுமா?

மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. அங்கிருந்து கொளத்தூர் வண்ண மீன் கடைகள் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மேசை போட்டு, சிறு கட்டணத்தில் தண்ணீரைச் சோதித்து, அளவைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு டப்பா தேவையா இல்லையா என்று நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

— பெரம்பூர் வாசகி, சென்னை-11