வெளிநாட்டு வேலைத் தகராறுகளுக்குச் சமரச நீதிபதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செட்டிநாட்டு ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குச் செல்பவர்களில், பேசிய வேலையோ சொன்ன சம்பளமோ கிடைக்காமல் திரும்புகிறவர்கள், முகவரிடம் கட்டிய பணத்தை மீட்க வழி தெரியாமல் தவிக்கிறார்கள். முன்பு கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வணிக வேலைக்கு, போனவர்களுக்குச் சம்பளமும் கெடுவும் சீட்டில் எழுதித் தரப்பட்டன; இன்று பலருக்கு வாய்ப்பேச்சும் கைப்பேசியில் வந்த படமுமே சான்று. இந்தத் தகராறுகளுக்கு அமெரிக்காவில் நடைமுறையில் உள்ள ஓர் ஏற்பாட்டை நம் மாநில அரசும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் கருத வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வேலை அனுமதி இல்லாதவரைத் தெரிந்தே பணியமர்த்துவது, அனுமதி உள்ளவரைக் குடியுரிமை நிலையைக் காட்டி ஒதுக்குவது, தேவைக்கு மேல் ஆவணம் கேட்டு அலைக்கழிப்பது ஆகியவை தொடர்பான வழக்குகளை, அந்நாட்டின் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் பின்னர் வந்த திருத்தங்களின்படியும், அரசின் நீதி அமைச்சகத்தைச் சேர்ந்த நிர்வாகச் சட்ட நீதிபதிகள் விசாரிக்கிறார்கள். 2020 முதல், இரு தரப்பும் இசைந்தால், வழக்கை விசாரிப்பவர் அல்லாத வேறொரு நிர்வாகச் சட்ட நீதிபதி சமரசம் பேச அமர்த்தப்படுகிறார். அவர் முன் பேசியவை வெளியே போவதில்லை. உடன்பாடு ஏற்படாவிட்டால் வழக்கு முதல் நீதிபதியிடமே திரும்புகிறது.

இதில் நான் பெரிதாக மதிப்பது, சமரசம் பேசுபவரும் தீர்ப்புச் சொல்பவரும் வேறுவேறு ஆட்களாக இருப்பதுதான். கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும் ஒரு தொழிலாளி, 'பாதிப் பணம் வந்தாலும் போதும்' என்று மனம்விட்டுச் சொன்னால், அதைக் கேட்டவரே நாளை தீர்ப்பும் எழுதுவார் என்ற நிலையில், தன் வழக்கைத் தானே பலவீனப்படுத்திக்கொண்டவர் ஆகிவிடுவார். அந்த அச்சம் நீங்கினால்தான் இரு பக்கமும் உண்மைத் தொகையைப் பேசும். சிங்கப்பூரிலும் 2017 முதல், சம்பளக் கோரிக்கைகள் வேலைவாய்ப்புக் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குச் செல்லும் முன் சமரசப் பேச்சைக் கடந்தாக வேண்டும்.

நம்மிடம் 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. வழக்குத் தொடுக்கும் முன்பேகூட அங்கே செல்லலாம். ஆயினும் வங்கிக் கடனும் விபத்து இழப்பீடுமாக ஒரே நாளில் கட்டுக்கட்டாக வழக்குகள் முடிக்கப்படும் அமர்வில், ஒப்பந்தத்தையும் ரசீதையும் பொறுமையாகப் படித்துப் பார்க்க நேரம் ஏது? அங்கே கையெழுத்திட்ட தீர்வுக்கு மேல்முறையீடும் இல்லை என்பதால், அவசரத்தின் சுமை எளியவர் தலையில்தான் விழும்.

ஆகவே சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதை முறைப்படுத்தும் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தை அறிந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை இந்தத் தகராறுகளுக்கென்றே அமர்த்தி, காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் அமர்வுகள் நடத்த வேண்டும். உரிமம் பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் என்பதைப் பேச்சு தொடங்கும் முன்பே தொழிலாளிக்கு எடுத்துச் சொல்ல இலவச வழக்கறிஞர் ஒருவர் உடனிருக்க வேண்டும். இன்னும் வெளிநாட்டிலேயே இருப்பவர்கள் காணொலி வழியாகக் கலந்துகொள்ள வசதி தேவை. உரிமமே இல்லாமல் ஆள் அனுப்பும் மோசடிக்காரர்களை இந்தச் சமரசத்துக்குள் கொண்டுவரக் கூடாது. அவர்கள் மீது குற்ற வழக்குத்தான் நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.