மாநாட்டுக்குப் போகும் மகளுக்கு

அம்மாடி,

விமானம் ஏறினால் பூமிக்குத் துரோகம், ஏறாவிட்டால் உன் ஆராய்ச்சியை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், போன இடத்தில் ஊர் சுற்றினாலும் உறுத்தல், இது போதாதென்று சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பாக்கெட்டைத் திருப்பி எங்கிருந்து வந்தது என்ற பொடி எழுத்தைப் படித்துக்கொண்டே கால் மணி நேரம் நிற்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கவலைப்படுகிறாய், அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

கடையை முதலில் முடித்துவிடுவோம். தூரத்திலிருந்து வந்தது என்பதற்காக வாழைப்பழத்தைத் திரும்ப வைக்காதே, அது கப்பலில் வருகிறது. பெரும்பாலான உணவுப் பொருட்களில், பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வில் போக்குவரத்து சின்னப் பங்குதான். எங்கிருந்து வந்தது என்பதைவிட என்ன வாங்குகிறாய் என்பது பெரிது, மாட்டிறைச்சிக்கும் பருப்புக்கும் உள்ள வித்தியாசம் அப்படி. கென்யாவிலிருந்து விமானத்தில் வரும் பீன்ஸ் மாதிரி சரக்குதான் சங்கடம்: வாங்கினால் புகை, ஒதுக்கினால் அதைப் பறிப்பவர்களின் கூலி போகும். நான் என்றால் எப்போதாவது வாங்குவேன், வாங்கியதை வீணாக்க மாட்டேன். (துணிப்பையைப் பற்றிப் பெருமைப்படாதே. 2018-ல் டென்மார்க் சுற்றுச்சூழல் துறை வெளியிட்ட ஆய்வில், எல்லா பாதிப்பையும் சேர்த்துப் பார்த்தால் பருத்திப் பையை ஆயிரக்கணக்கான தடவை தூக்கினால்தான் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று கணக்கு வந்தது. மாநாட்டில் இனாமாகக் கொடுக்கும் பையை வேண்டாம் என்று சொல்.)

விமானம் வேறு கதை. கண்டம் தாண்டிப் போய்வந்தால் ஒரு ஆளுக்கு ஒரு டன் கரியமில வாயு சுலபமாக வந்துவிடும், நீ கடையில் பார்த்துப் பார்த்து மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் காணாமல் போகும். 2018-ல் உலக மக்களில் சுமார் 11 சதவீதம் பேர்தான் விமானம் ஏறினார்கள், அடிக்கடி பறக்கும் 1 சதவீதத்தினரே பயணிகள் விமான உமிழ்வில் பாதிக்குமேல் காரணம் என்று 2020-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அப்படியானால் முதலில் வீட்டில் இருக்க வேண்டியவர் யார்? ஒரே உரையை ஊர் ஊராகப் போய் வாசிக்கும் பெரிய பேராசிரியர். அவர் திரையில் வந்து பேசினாலும் யாரும் மறக்கப் போவதில்லை. உனக்கோ டீ இடைவேளையில் யாரிடமாவது பேசுவதில்தான் அடுத்த வேலையே இருக்கிறது. அதனால் இதற்குப் போ. அடுத்து வரும் அழைப்புகளில் ஆன்லைனில் முடிவதற்கெல்லாம் போகாதே. அப்புறம், டிக்கெட் போடும்போது, கொஞ்சம் காசு கூடக் கொடுத்தால் உன் புகைக்கு ஈடாக 'மரம் நடுகிறோம்' என்று ஒரு கட்டம் வரும், அதில் டிக் அடித்துவிட்டு மனசைத் தேற்றிக்கொள்ளாதே. புகை இன்றைக்கே போகிறது, மரம் வளரப் பல வருஷம் ஆகும்.

போனதுதான் போகிறாய், நாலு நாள் கூடத் தங்கிப் பார். அதற்கென்று இன்னொரு தடவை பறப்பதைவிட மேல். ஆனால் எல்லாரும் போட்டோ எடுக்கும் இடத்துக்கே ஓடாதே. தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் கூட்டமும் படகுகளும் பவளப்பாறையைச் சிதைத்ததால் 2018-ல் மூடினார்கள்; 2022-ல் திறப்பதற்குள் சுறாக்களே திரும்பி வந்துவிட்டன. தங்குவதற்கு ஹோட்டலே பார், குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுக்காதே. உள்ளூர்க்காரர்களுக்கு வீடு கிடைக்காமல் போவதால்தான் பார்சிலோனாவில் சுற்றுலா வீடுகளின் உரிமங்களை 2028-க்குள் முடிக்கப் போவதாக மேயர் அறிவித்தார்.

ஒன்று மட்டும் செய். 2020-ல் எல்லா மாநாடும் ஆன்லைனுக்குப் போனபோது விசா கிடைக்காதவர்களும் கைக்குழந்தைக்காரர்களும்கூடக் கலந்துகொண்டார்கள், அந்த வசதியை ஏன் எடுத்தீர்கள் என்று ஏற்பாட்டாளர்களுக்கு எழுது. அனுப்புவதற்கு முன்னால் எனக்குக் காட்டு, கோபத்தில் எதையாவது எழுதிவைப்பாய்.

அப்பா