பிடுங்கிய உண்ணியை உடனே எரித்துவிடாதீர்கள்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். மகளுக்குத் தையில் கல்யாணம் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் உங்கள் ஜெர்சிக் கலப்புக் கிடாரியின் மேல், மருந்து தெளித்தும் சில நாளிலேயே உண்ணி மறுபடி ஏறிவிட்டது என்ற வரிதான் மனத்தை விட்டு நீங்கவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கறவைப் பசு கடுங்காய்ச்சலில் படுத்தபோது, அதன் தோளுக்கு முன்னால் எலுமிச்சை அளவுக்கு நெறி கட்டியிருந்ததைப் பார்த்தும் நான் பொருட்படுத்தவில்லை. ரத்தத்தைப் பரிசோதித்து, உண்ணி பரப்பும் தைலேரியா நோய் என்று கண்டறிவதற்குள் காலம் கடந்துவிட்டது. அன்று முதல், பிடுங்கிய உண்ணியைப் பூதக்கண்ணாடியில் பார்க்காமல் எரிப்பதில்லை.

ரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல் உப்பிய பெண் உண்ணியை வைத்து இனம் காண்பது கடினம். ஆகவே முதுகு முழுவதும் கெட்டி ஓடு மூடிய சிறிய ஆண் உண்ணிகளையும், வாய் அறுந்துவிடாமல் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து எடுங்கள். வாய் நீண்டு, கால்களில் வளையம் வளையமாக வெளிர்பட்டை தெரிந்தால் அது ஹயலோம்மா. தைலேரியாவைப் பரப்புவது இதுவே. வாய் குட்டையாக, கால்கள் பட்டையின்றி வெளிறியிருந்தால் பெரும்பாலும் மைக்ரோபிளஸ் என்னும் மாட்டுண்ணிதான். சிறுநீர் சிவந்து போகும் பேபிசியா நோய் இதனால் வருவது.

இந்த வேறுபாட்டை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. மைக்ரோபிளஸ் குஞ்சாக ஏறி, அதே மாட்டின் மேலேயே இருமுறை தோலுரித்து, ஏறக்குறைய மூன்று வாரத்தில் முட்டையிடக் கீழே விழுகிறது. ஹயலோம்மாவோ இடையில் இறங்கிக் கொட்டகையின் வெடிப்புகளில் பதுங்கித் தோலுரித்து, இளம்பருவத்தில் நோயுற்ற மாட்டிடம் உறிஞ்சிய கிருமியோடு இன்னொரு மாட்டின் மேல் ஏறுகிறது. அதற்கு மாட்டின் மேல் மட்டும் மருந்தடித்தால் போதாது. எங்கள் கொட்டகையின் கல்சுவர் இடுக்கைக் குச்சியால் கிளறியபோது, உதிர்ந்த மண்ணோடு உரித்த தோல்களும் உயிருள்ள உண்ணிகளும் கைநிறைய விழுந்தன. இடுக்குகளைச் சிமெண்டு வைத்து அடைத்த பிறகே தொல்லை குறைந்தது.

இரண்டு இனமும் ஒரே மாட்டில் இருக்கக்கூடும் என்பதால், மடி, வாலடி, காதுமடல் மூன்றிலும் எடுத்து, ஸ்பிரிட் ஊற்றிய சிறு புட்டியில் போட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு முன், இக்கடிதம் கைக்கு வந்ததும் கிடாரியின் தோள் முன்பகுதியைத் தடவிப் பாருங்கள். நெறி தட்டுப்பட்டால் எனக்குப் பதில் எழுதுவது பிறகு இருக்கட்டும், மருத்துவரை அன்றே அழைத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்